காலடிப்பேட்டையில் கொசு இல்லை

மழை விட்ட கார்த்திகை மாதத்து அந்தியில், காத்திவாக்கத்துக் கழிமுகத்தை ஒட்டி, ஒரு மனிதர் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு பழைய வலைக் குவியல் ஒன்றின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தால் என்ன நடக்க வேண்டுமோ, அது நடக்கவில்லை. அவரை எதுவும் கடிக்கவில்லை.

முனைவர் தேவப்பிரியம் தன் வலது காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். பேர்போன கால் அது. அதைத் தூண்டில் புழு மாதிரி நீட்டி வைத்து, வந்து உட்காரும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் வாயால் உறிஞ்சிப் பிடித்து, எந்தப் பருவத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு என்று எண்ணிச் சொல்வதுதான் அவருடைய பிழைப்பு. ‘வடசென்னைக் கடலோரத்தில் நோய் பரப்பும் கொசுக்களின் பருவகால மிகுதியும் பரவலும்’ என்பது அவர் பட்டம் வாங்கிய ஆய்வின் தலைப்பு. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூட பக்கத்து இலைக்காரரிடம் அதை ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுவார். சாம்பார் ஆறிவிடும், அவர் ஆறமாட்டார்.

“இன்னா சார் இது? ஒண்ணுகூட வர்லயே” என்றான் சௌக்கத் அலி. குழாயும் டார்ச்சுமாகப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த அவன், அவருடைய ஆய்வு மையத்தில் கொசு பிடிக்கும் வேலைக்காரன்.

“வராதுய்யா. அதான் நம்ம வெற்றி.”

“வெற்றிதான் சார், இல்லேன்னு சொல்லல. ஆனா பேஜாரா கீது. போன வருஷம் இதே எடத்துல குழாய வாய்லேர்ந்து எடுக்க முடியல. மூக்குலலாம் பூந்துகினு வந்துச்சி.”

சேற்று நாற்றம் இருந்தது. காயும் இறாலின் நாற்றம், எங்கிருந்தோ வரும் எரிசாம்பலின் நெடி, படகு டீசல், எல்லாம் அதது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நண்டுகள் வளைக்குள் போவதும் வருவதுமாகச் சேறு பொட்டுப்பொட்டென்று வெடித்துக்கொண்டிருந்தது. ஆனால் இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், இந்த ஊரில் பிறந்த எவனும் காது கொடுக்காமலே கேட்டுக்கொண்டிருக்கும் அந்த மெல்லிய கம்பிநாதம் மட்டும் அறுந்துபோயிருந்தது. தேவப்பிரியம் அந்த அமைதியை முதலில் ரசிக்கத்தான் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்துகொண்டார்.

கழிமுகத்தை ஒட்டிய குடிசைக்காரி முத்தம்மா இறால் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இன்னா நைனா, கால காட்டிகினு குந்திகினு கீற? அதுங்கதான் போயிட்ச்சே.”

“போச்சா? எங்கம்மா போச்சு?”

“தெக்கால. போன வாரம் இருட்டுற நேரத்துல ஆத்து மேல பொகை மாரி எழும்பிச்சி. நான்கூட பவர் ஹவுஸ் பொகைன்னுதான் நெனச்சேன். காத்து இந்தாண்ட அடிக்குது, பொகை அந்தாண்ட போவுது. எங்கனா பாத்துகீறியா நீ?”

தேவப்பிரியம் சிரித்தார். மேடைச் சிரிப்பு. “அது புகையில்லம்மா. என் திட்டம்.”

வேப்பம் புண்ணாக்கை உருட்டிச் சாக்கடையில் போடுவதுதான் அந்தத் திட்டம். வேப்பம் புண்ணாக்கு அவருக்கு முன்பே உலகத்தில் இருந்தது, சாக்கடையும் இருந்தது. ஆனால் இரண்டையும் சேர்த்து ‘தேவப்பிரியம் முறை’ என்று அச்சடித்தவர் அவர் ஒருவர்தான். இந்தப் பருவத்தில் மழை கொட்டித் தீர்த்த பிறகும் ஒவ்வொரு பேட்டையாகக் கொசு பூஜ்யம் என்று வர ஆரம்பித்ததும், ராயபுரத்தில் நாளைக்குப் பாராட்டு விழா என்று ஆகிவிட்டது. தெருமுனை ஃப்ளெக்ஸில் அவர் கையில் வாளும், காலடியில் எருமை அளவுக்கு ஒரு கொசுவும் இருந்தன. ‘கொசு ஒழித்த கோமகனே வருக.’ அந்த ஃப்ளெக்ஸை அவர் ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தார் என்பதும், எருமைக் கொசுவின் உணர்கொம்பு ஆண் கொசுவுடையது, ஆண் கொசு கடிக்காது என்று அச்சகத்துக்குப் போன் போட்டார் என்பதும் உண்மை.

“ஒண்ணு சொல்லவா சார்?” சௌக்கத் அலி குழாயைத் துடைத்து அவர் பையில் வைத்தான். “செத்து பூட்ச்சின்னே வெச்சிக்குவோம். பொணம் எங்க சார்? இத்தினி கோடி கொசு. கூட்டி அள்ளுனா லாரி லாரியா வரணுமே. நான் ஒரு பொணம்கூட பாக்கல.”

“வாய மூடுய்யா” என்றார். பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டபோது கை ஏனோ அவசரப்பட்டது.

அவருக்குச் சட்டென்று வீட்டு ஞாபகம் வந்தது.

மகள் கிறிஸ்டினாவுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகவில்லை. மீஞ்சூரில் சம்பந்தி வீட்டில் எல்லா ஜன்னலுக்கும் வலை அடித்துவைத்து, குழந்தையை இங்கே கொண்டுவாருங்கள் என்று கெஞ்சினார்கள். அவர்கள் தெருவில் டெங்குவில் ஒரு பிள்ளை போயிருந்தது, அந்தப் பயத்தில் அடித்த வலை. தேவப்பிரியம் விடவில்லை. “காலடிப்பேட்டையில் கொசு இல்லை. நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்” என்று சம்பந்தியிடம் மேடைத் தமிழில் முழங்கிக் குழந்தையைத் தன் வீட்டுக்கே அழைத்துவந்தார். அதோடு விட்டாரா? மனைவி லூர்து குழந்தைக்குக் கொசுவலை வாங்கிவந்தாள். திருப்பிக் கொடுக்கச் சொன்னார். குளிப்பாட்டிய குழந்தைக்குச் சாம்பிராணி போட்டாள். தண்ணீர் ஊற்றி அணைத்தார்.

“பூஜ்யம்னு கையெழுத்து போட்டவன் வூட்ல கொசுவலையாடி? நாளைக்கி டிவிக்காரன் வந்தா காறித் துப்புவான்.”

“டிவிக்காரன் துப்புனா தொடச்சிக்கலாம். புள்ளைக்கு எதுனா ஒண்ணு ஆச்சின்னா?” என்று கேட்டாள் லூர்து. இன்று காலையில் நடந்த பேச்சு அது. அவர் ஸ்கூட்டரை உதைத்தார்.

இப்போது அதே ஸ்கூட்டரில் தெற்கே திரும்பினார். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்கு வரிசைகட்டி நின்றன. டிரைவர்கள் சட்டையில்லாமல் லாரிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். ஒருவனும் தொடையில் அடித்துக்கொள்ளவில்லை. டிவைடரில் படுத்திருந்த மாடுகளின் வால்கள் கயிறு மாதிரி கிடந்தன. தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன, ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் மழைக்காலத்தில் மாவு தூவியது போலச் சுழலும் அந்த வட்டம் இல்லாமல் வெளிச்சம் மொட்டையாக, கழுவிவைத்த மண்டையோடு மாதிரி நின்றது. கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தனக்குப் பின்னால் ஊர் முழுக்கக் காலியாகிக்கொண்டே வருவது போலவும், தான்தான் அதையெல்லாம் வாரிக்கொண்டு முன்னால் போவது போலவும் அவருக்கு ஒரு எண்ணம். ச்சீ, என்று தலையை உதறிக்கொண்டார்.

திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் நிறுத்தினார். போனில் ஆய்வு மையத்தின் வரைபடம் இருந்தது. காத்திவாக்கத்துக்கும் சௌக்கத் அலி பச்சை வைத்துவிட்டான். பச்சை என்றால் பூஜ்யம். மேலே எண்ணூர் பச்சை. கீழே ராயபுரம் பச்சை. நாளைக்குத் திரையில் போட்டுக் காட்ட வேண்டிய படம் அது. எந்த இடம் எப்போது பச்சையானது என்று ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்.

முதலில் வடக்குக் கோடி பச்சையானது. கிட்டத்தட்ட அதே சமயத்தில் தெற்குக் கோடி. அடுத்தது அதற்கு உள்ளே இருந்த பேட்டைகள். அப்புறம் அதற்கும் உள்ளே. ஒவ்வொரு பேட்டையாக ஒழித்துக்கொண்டே போகிற மாதிரி இல்லை. கிழக்கே கடல் என்பதால் முழு வட்டம் இல்லை, ஆனால் சுருக்குதான். வலையின் வாய்க்கயிற்றை இழுத்தால் விழுகிற சுருக்கு.

நடுவில் காலடிப்பேட்டை. அதற்கும் நடுவில், இன்னும் எந்த நிறமும் வைக்காமல் சாம்பலாக ஒரே ஒரு தெரு.

அவருடைய தெரு.

டீயைப் பெஞ்சில் வைத்தார். சௌக்கத் அலிக்குப் போன் போட்டார்.

“எங்க தெருவ ஏன்யா பாக்காம உட்டீங்க?”

“உங்க தெருவா? அங்க யார் சார் வர்ரது? மேடம் பெட்ரூம்ல கட்டிலுக்கு அடியில டார்ச் அடிக்க எனக்கு இன்னா தில்லா கீது? சார் வூடு, சாரே பாத்துக்குவாருன்னு உட்டுட்டோம். நீங்க பாக்கல?”

அவர் பார்க்கவில்லை. ஊரான் வீட்டுக் கட்டிலுக்கடியிலெல்லாம் தலையை விட்டுப் பார்த்தவர், தன் வீட்டில் செருப்பைக் கழற்றினால் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்பார். அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டது மட்டும் உண்மை.

“சார்? லைன்ல கீறீங்களா? கைக்கொழந்த கீற வூடு, எதுக்கும் ஒரு தபா...”

போனை வைத்துவிட்டார்.

தெருவுக்குள் நுழைந்தபோது எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. எதிர்வீட்டு தண்டபாணி லுங்கியோடு, வெற்று உடம்பாக வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தார். “சூப்பர் சார்! எங்க ஆயுசுல இப்டி பாத்ததில்ல. ஒரு கொசு? ஊஹூம். கதவ தொறந்து போட்டு தூங்கறோம். உங்களுக்கு செலையே வெக்கலாம்.” பிறகு கையால் காட்டினார். “ஆனா இன்னாத்துக்கு உங்க வூட்டு செவுத்துல மட்டும் இத்தினி பல்லி?”

தேவப்பிரியம் பார்த்தார்.

தெருவிலிருந்த பல்லி பூராவும் அவர் வீட்டு முன்சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் சத்தமிடவில்லை. எல்லாத் தலையும் படுக்கையறை ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தன. ஜன்னலுக்கு ஒரு முழம் முன்னால், கோடு கிழித்த மாதிரி நின்றுவிட்டிருந்தன. பசியோடு வந்து, பயந்து நின்றவை.

அவர் வாசற்படியில் கால் வைத்தபோது கரண்ட் போனது.

“போச்சா! ஆரம்பிச்சிட்டானுங்கயா” என்று தெருவில் யாரோ கத்தினார்கள். மின்விசிறிகள் இரைச்சல் தணிந்து நின்றன. மோட்டார்கள் நின்றன. தெரு முழுவதும் இருட்டில் மூச்சடைத்து உட்கார்ந்தது.

அவர் வீட்டுக்குள் பூண்டுக் குழம்பு வாசனை. அடுப்படியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்த லூர்து குரல் கொடுத்தாள்.

“வந்துட்டீங்களா? சத்தம் போடாதீங்க. கிறிஸ்டினா ஹால்ல தூங்குது, புள்ள உள்ள தூளியில தூங்குது. ரெண்டு நாளா அழுவுறதே இல்ல, தங்கம். தூளிய ஆட்டகூட வேணாம். அப்றம், இந்த ஃபிரிட்ஜுக்கு ஆள கூப்புட சொன்னனே, இன்னா ஆச்சி? முந்தாநேத்துலேர்ந்து ங்ஙொய்னு ஒரே சத்தம்.”

ஆமாம். சத்தம் இருந்தது. அவரும் முந்தாநாளிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தாழ்வான, கனமான, சுவரிலிருந்து வருகிற மாதிரி ஒரு முனகல். இப்போதும் கேட்டது.

கரண்ட் இல்லை.

அவர் ஃபிரிட்ஜின் மேல் கை வைத்தார். ஃபிரிட்ஜ் செத்துக் கிடந்தது. சத்தம் நிற்கவில்லை.

“இன்னாங்க?” என்றாள் லூர்து.

“ஒண்ணுமில்ல. நீ அங்கயே இரு.”

பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். கண்ணாடிக் குழாயையும் எடுத்தார். கை தானாகத் தொழில் செய்தது. பகலில் கொசு இருட்டில் ஒதுங்கும். தொங்கும் துணிக்குப் பின்னால் பார்க்க வேண்டும். அதுதான் முதல் பாடம். ஹால் மூலையில் கொடியில் அவருடைய பொன்னாடைகள் வரிசையாகத் தொங்கின. வருகிறவர் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அவர் அவற்றைப் பீரோவில் வைப்பதில்லை. கிறிஸ்டினா தரையில் பாயில் அயர்ந்து கிடந்தாள். அவளைத் தாண்டிப் போய், கடைசிப் பொன்னாடையை இரண்டு விரலால் விலக்கினார்.

சுவர் தெரியவில்லை.

சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்பளம் இருந்தது. சாம்பலும் கறுப்புமாக, மயிர் மயிராக. டார்ச் வெளிச்சம் பட்டதும் பறக்க வேண்டியவை பறக்கவில்லை. அவருடைய கண் பழக்கதோஷத்தில் வகை பிரித்தது. சாக்கடையில் பிறக்கிறது. நல்ல தண்ணீர்த் தொட்டியில் பிறக்கிறது. கழிமுகத்து உப்புத் தண்ணீரில் மட்டும் பிறக்கிறது. பகலில் கடிக்கிறது, ராத்திரியில் கடிக்கிறது. ஒன்றின் பக்கத்தில் ஒன்று வராத சாதிகள் தோளோடு தோள் உட்கார்ந்திருந்தன. வீட்டுக்குள் ஒதுங்காத ஆண் கொசுக்கள்கூட, இறகுக் கொம்போடு. எதன் வயிறும் சிவக்கவில்லை. எதுவும் யாரையும் கடித்திருக்கவில்லை.

எல்லாத் தலையும் ஒரே பக்கம்.

படுக்கையறைப் பக்கம்.

அவருடைய ஆராய்ச்சியில் இதற்குத் தலைப்பு இல்லை. பொன்னாடையை மெல்ல விட்டார். அது ஆடி அடங்கியது. முனகல் அடங்கவில்லை. கிறிஸ்டினாவை எழுப்பலாமா? எழுந்தால் அலறுவாள். அலறினால் இவை எழும். எழுந்தால் எங்கே போகும்?

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. சூடு. உள்ளேயிருந்து ஒரு சூடு வந்தது. பால் வாசனை. அதற்குள் இன்னொரு வாசனை, கழிமுகத்துச் சேற்று வாசனை.

டார்ச் வெளிச்சத்தைத் தரையில் அடித்தபடி உள்ளே நுழைந்தார். தரை சுத்தம். கட்டில் சுத்தம். கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை. கூரைக் கொக்கி. கொக்கியிலிருந்து தூளி.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

மின்விசிறி ஓடவில்லை. காற்று இல்லை. யாரும் இல்லை. தூளி நிதானமாக, ஒரு தாய் கயிறு பிடித்து இழுக்கிற நிதானத்தில், இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போனது. இந்தப் பக்கம் வரும்போது முனகல் ஏறியது. அந்தப் பக்கம் போகும்போது இறங்கியது. ஏறி. இறங்கி.

லூர்து தூளி கட்டியது தன்னுடைய வெள்ளைப் பருத்திப் புடவையில். டார்ச் வெளிச்சத்தில் அதில் வெள்ளை இல்லை. கொக்கியிலிருந்து அடிமடிப்பு வரைக்கும் இல்லை. துணியின் மேல் சிலிர்ப்பு ஓடியது. கோடிக்கணக்கான இறகுகள், ஒரே வீச்சில். அவைதான் ஆட்டின.

குழாயைப் பல்லில் கடித்திருந்தது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு தடவைக்கு ஒரு கொசு எடுக்கும் குழாய்.

கத்தக் கூடாது. ஓடக் கூடாது. உள்ளே இருப்பது ஒரு கைப்பிடி உயிர். மடிப்பை விலக்கி, அள்ளிக்கொண்டு, கதவு. அவ்வளவுதான். மூன்றே எட்டு. ஏசுவே.

குழாயைக் கட்டிலில் வைத்தார். வலது கையை நீட்டினார்.

தூளியின் மடிப்பு உள்ளேயிருந்து விலகியது. ஒரு சின்னக் கை வெளியே வந்தது. மணிக்கட்டுக்கு மேலேயும், கீழேயும், நகம் வரைக்கும் கறுப்பு. கறுப்பு அசைந்தது. மூச்சு விடுவது போல ஏறி இறங்கியது. அதற்கடியில் ஐந்து விரல்களும் சூடாக, உயிரோடு, எல்லாக் குழந்தைகளும் பிடிக்கிற மாதிரி அவர் சுட்டுவிரலை வளைத்து இறுகப் பிடித்துக்கொண்டன.

உள்ளே குழந்தை சிரித்தது. இன்னும் சிரிக்கிற வயசு வராத குழந்தை.

முனகல் நின்றது. வீடு முழுக்க நின்றது.

“புள்ள தூங்குதாங்க?” என்று அடுப்படியிலிருந்து லூர்து கேட்டாள்.

பதில் சொல்ல வாய் திறக்கப் போனார். உதட்டின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அப்புறம் இன்னொன்று. கடிக்கவில்லை. காத்திருந்தது.

“இன்னாங்க, கேக்குதா? தூங்குதா?”

சின்ன விரல்களிலிருந்து அந்தக் கறுப்பு அவர் விரலுக்கு ஏறியது. விரலிலிருந்து புறங்கைக்கு. மணிக்கட்டுக்கு. முழங்கைக்கு. இதமாக. ஒரு பாரமும் இல்லாமல்.

முனகல் மறுபடி எழுந்தது. தூளி அந்தப் பக்கம் போனது, இந்தப் பக்கம் வந்தது. கறுத்துப்போன அவர் கையும் அதோடு சேர்ந்து ஆடத் தொடங்கியது.